கயிற்றுக்குக் கீழே ஒரு தொப்பி

மழைக்குத் தொப்பி வாங்குவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்குக் கை சும்மா இருக்கிறது, குடை பிடிக்கிறார்கள். நான் தேயிலைக் கொழுந்து பறித்தவள். எங்களுக்கு இரண்டு கையும் செடியில், முதுகில் கூடை, கூடையின் கயிறு உச்சந்தலையில். கயிறு ஏறிய அதே தலையில்தான் தொப்பியும் நிற்க வேண்டும். இதைப் புரியவைக்கவே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வைகாசி பிறந்துவிட்டால் மழை வானத்திலிருந்து விழாது. பள்ளத்திலிருந்து காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து பக்கவாட்டில் அறையும். நாங்கள் உரச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளிக் கொங்காணி போட்டுக்கொள்வோம். முக்காடு மாதிரி தலையிலிருந்து இடுப்பு வரை தொங்கும். அதன்மேல் கூடைக் கயிறு ஏறும். கயிறே பிடித்துக்கொள்வதால் எந்தக் காற்றுக்கும் அது பறக்காது. ஆனால் கன்னத்தின் இரண்டு பக்கமும் திறந்தபடி இருக்கும். மற்றவர்களுக்கு அது பெரிய குறையில்லை, எனக்குப் பெரிய குறை.

என் இடது காது சின்ன வயதிலிருந்தே சீழ் வைக்கும் காது. பலாங்கொடையில் ஒரு டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கனட வத்துர யன்ன தென்ன எபா" என்றார். காதுக்குள் தண்ணீர் போக விடாதே என்று அர்த்தம். உள்ளே சவ்வில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் கேட்பது நின்றுவிடும் என்று சிங்களத்திலேயே திரும்பத் திரும்பச் சொன்னார். மழை நாளில் வீட்டில் இருந்துவிடு என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எங்கள் பக்கம் மழை நாளைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒரு காது போதாதா என்று லயத்து வரிசை வீடுகளில் சிலர் கேட்டார்கள். அவரவர் காதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கேட்கட்டும்.

டவுனில் துணியும் செருப்பும் குடையும் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். அவர் தொங்கவிட்டிருந்த தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த தொப்பி காதை மூடாது. கம்பளித் தொப்பி காதை மூடும், ஆனால் நனைந்துவிட்டால் தண்ணீரைக் காதுக்குள்ளேயே பிழிந்துவிடும். அகல விளிம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பி பார்க்க நன்றாக இருந்தது. கையிலிருந்த பையின் பிடியைக் கூடைக் கயிறாக நினைத்து அதன்மேல் மாட்டி இழுத்தேன், உச்சி அமுங்கி விளிம்பு வாயைப் பிளந்தது. கடைக்கு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"என்ன தங்கச்சி, கல்யாணச் சாரி எடுக்கிற மாதிரி பாக்கிறீங்களே!" என்றார் நானா.

"கயித்துக்குக் கீழ அடங்கணும் நானா. காது மூடணும். காத்து வந்தா எந்திரிக்கக் கூடாது."

அவர் கேலியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். கோட்டு கிழிந்து வீணாகிப் போயிருந்தது. தலையை மூடுகிற பகுதி மட்டும் பொத்தானில் தனியாகக் கழன்றது. மெல்லிசு, உள்ளே ரப்பர் பூச்சு, தாடை வரைக்கும் இறங்குகிற இரண்டு மடல், நெற்றியில் சின்ன விளிம்பு. மாட்டிப் பார்த்தேன். மடல் காதை மூடியதும் கடை இரைச்சல் சற்று அடங்கியது. இதுதான் என்று உடனே எடுத்துக்கொண்டேன்.

அதில் நாடா தாடைக்குக் கீழே கட்டுகிற மாதிரி இருந்தது. அதை அப்படியே கட்டுவது முட்டாள்தனம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்ததும் நாங்கள் கயிற்றைத் தலையிலிருந்து பின்னால் தள்ளித்தான் கூடையை இறக்குவோம். ஈரக் கொழுந்து அடைத்த கூடை கனத்தோடு பின்னால் சரியும்போது கயிற்றுக்குக் கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். தாடையில் முடிச்சிருந்தால் இழுபடுவது கழுத்துதான். ஆகவே நாடாவைப் பிரித்து, பின்பக்கமாகக் கொண்டுபோய், கொண்டைக்குக் கீழே பிடரியில் கட்டுகிற மாதிரித் தைத்தேன். காற்று தூக்கினால் கொண்டை தடுக்கும். கூடை இழுத்தால் தொப்பி கழன்று கூடையோடு போகும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த மழைக்காலம் முழுக்க என் காது காய்ந்து கிடந்தது. தலையணையில் சீழ் இல்லை. இடது பக்கம் படுத்திருந்த என் மகள் குசுகுசு என்று பேசியது கேட்டது.

அடுத்த மழைக்காலத்தில்தான் வினை வந்தது. கம்பெனி தோட்டத்தை எடுத்த புதிது. ஒரு காலை கங்காணி சாக்கு நிறையத் தொப்பியோடு வந்தார். மஞ்சள் நிறம், கனத்த பிளாஸ்டிக், சுளகு அகலத்துக்கு விளிம்பு, தாடையில் கட்ட நாடா. நான் கடையில் கழித்துப் போட்ட அதே ஜாதி.

"வெளிநாட்டுல இருந்து தேயிலை வாங்குறவங்க வாறாங்க. எல்லாரும் ஒரே மாதிரி நிக்கணும்னு தொரை சொல்லிட்டாரு. தொப்பி போடாட்டி பேர் இல்ல" என்றார். பேர் இல்லையென்றால் அன்றைய வேலை கணக்கில் ஏறாது, அடுப்பும் எரியாது.

"அவங்க வாற அன்னைக்குப் போட்டுக்கிறேன் ஐயா. இன்னைக்கு இந்த மழையில எதுக்கு?"

"பழக வேணாமா?"

தொப்பி போடப் பழக வேண்டுமாம்! பொம்பளைப் பிள்ளைகள் மழையில் நிற்கப் பழகவில்லை என்று நினைத்துவிட்டார்.

"காதுக்குள்ள தண்ணி போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு ஐயா."

"ஒரு வாரந்தானே புள்ள! ஒன் காதுக்காக நான் தொரைகிட்ட ஏச்சு வாங்கவா?"

கையை நீட்டினார். என் தொப்பியை வாங்கி மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அவர் தலையில் நல்ல கம்பளித் தொப்பி இருந்தது, அதற்கு மேல் குடையும் இருந்தது. வயதில் மூத்தவர் என்பதால்தான் இங்கே 'அவர்' போட்டு எழுதுகிறேன். மனசுக்குள் அப்படிச் சொன்னதில்லை.

அன்று முழுக்கக் கயிறு உச்சியை அமுக்கியது, காற்று விளிம்பைத் தூக்கியது, நாடா தொண்டையை அறுத்தது. பள்ளத்திலிருந்து ஏறிய மழை விளிம்பின் அடியில் மோதி வழிந்து நேரே காதுக்குள் இறங்கியது. பஞ்சு வைத்தேன். பஞ்சு தண்ணீரைக் குடித்துக் காதுக்கே கொடுத்தது.

மடுவத்தில், எனக்குப் பக்கத்துச் செடி நிரையில் பறிக்கிற பெரியம்மா வழக்கம்போலக் கயிற்றைப் பின்னால் தள்ளினார். கூடை சரிந்தது, தொப்பியும் அதோடு போயிற்று. தாடையில் முடிச்சு அவிழவில்லை. மனுஷி சேற்றில் மல்லாந்து விழுந்து, கண் பிதுங்க, இரண்டு கையாலும் கழுத்தைப் பிறாண்டினார். முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. நான் பாய்ந்து போய் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

கங்காணி ஓடிவந்து அறுந்த நாடாவைத் தூக்கிப் பார்த்தார். "புதுத் தொப்பிய இப்பிடிப் பண்ணிட்டியே, இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பெரியம்மா இன்னும் சேற்றில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. லயத்துக்குத் திரும்பி, தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடம் வைத்த பிறகு எல்லோருக்கும் வாய் வந்தது. துரையைத் திட்டினார்கள், கம்பெனியைத் திட்டினார்கள். அந்தக் கூச்சலில் பாதியை மடுவத்தில் போட்டிருந்தால் தொப்பி அன்றே சாக்குக்குள் போயிருக்கும். அவர்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான், இன்றைக்கும் தீரவில்லை.

அந்த வாரம் மழை விடவே இல்லை. காது தெறித்தது. தலையணை நனைந்தது. வாரக் கடைசியில் ஒரு காலை எழுந்தபோது வலி இல்லை. சரி, காது பிழைத்துக்கொண்டது என்று நினைத்து நிம்மதியாக மலைக்குப் போனேன்.

அன்றுதான் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வாரம் முழுக்க இல்லாத வெயில் அன்று வந்து நின்றது. துரையோடு பாதையில் நின்று எங்களைப் பார்த்து ஏதோ பேசினார்கள். நான் குனிந்து பறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, வெயிலில் நாடா கட்டாமல் வைத்திருந்த தொப்பியைக் கயிற்றுக்குக் கீழிருந்து யாரோ பிடுங்கிச் செடிமேல் எறிந்தார்கள். திடுக்கிட்டுத் திரும்பினால் கங்காணி. முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எத்தனை தடவை கத்துறது? தொப்பியக் கழட்டுங்க, அவங்களுக்குத் தொப்பி வேணாம், தலையில துணியோட படம் எடுக்கணுமாம்னு தொண்ட கிழியச் சொல்றேன், செவிடி மாதிரி நிக்கிற!"

சுற்றிப் பார்த்தேன். எல்லோர் தலையிலும் துணிதான் இருந்தது. மஞ்சள் தொப்பிகள் செடிகளுக்கு அடியில் கிடந்தன.

"ஒனக்குக் கேக்கலையா? ஒன் பக்கத்துலதான நின்னு கத்துனாரு" என்றார் பெரியம்மா.

அவர் நின்றது என் இடப்பக்கம். விரலால் வலது காதை அடைத்தேன். பெரியம்மாவின் வாய் அசைந்தது. துரை சிரித்தார். படம் எடுப்பவர் கையைத் தூக்கி எதையோ கூவினார். ஒன்றுமே கேட்கவில்லை.

மாலையில் கங்காணி என் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். மடிப்புக் கலையாமல், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. தோட்டத்தை விட்டு வரும்வரை மழைக்கு அதைத்தான் போட்டேன், இரண்டு மடலையும் இறக்கி, பிடரியில் முடிச்சுப் போட்டு. மஞ்சள் தொப்பியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

எங்கள் மலையில் பாதை நிரையின் இடப்பக்கம் போகும். கங்காணி அங்கே குடையோடு நின்று எனக்கு ஏதாவது சொல்லுவார். நான் பறித்துக்கொண்டே இருப்பேன். பிறகு குடையை மடக்கி, நனைந்த செடிகளுக்குள் இறங்கி, அட்டைக் கடி வாங்கிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்று சொன்னதையே திரும்பச் சொல்லுவார். அவர் வேலையை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வந்தார். நான் ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பி நிற்கவில்லை.