வாரிக் வாங்கிய வருட பாஸ்

வாரிக் டன்ஸ்டன் மனைவியைப் பிரிந்து வந்தபோது, எங்கள் கேரவன் பார்க்கில் என் பக்கத்து வேன் காலியாக இருந்தது. நான்தான் அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். இருவரும் ஒரே முதலாளியிடம் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தோம். கோல்ட் கோஸ்ட்டில் வாடகை ஏறியிருந்த ஏற்றத்துக்கு அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. சக்கரம் கழற்றிய பழைய வேன் அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, ஒரு சின்ன அடுப்பு. குளியலறையும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. புல்வெளியைத் தாண்டி நடக்க வேண்டும்.

“ரெண்டு மாசம்தான் மச்சி, அப்புறம் ஒரு வீடு பாத்துடுவேன்” என்று சொல்லிக்கொண்டேதான் பெட்டியை இறக்கினான்.

அவனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் டீகன், பதின்மூன்று வயது. சின்னவள் ப்ரான்டி, எட்டு. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க அவனோடு இருக்கலாம் என்று ஏற்பாடு. பிரிந்த மனைவி ஷோனாவிடமும் பிள்ளைகளிடமும், ரொபினா பகுதியில் ஒரு நண்பன் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தான். கேரவன் என்று தெரிந்தால் அந்தச் சனிக்கிழமைகளும் போய்விடும் என்று பயம்.

ஆனால் வீடில்லாதவன் பிள்ளைகளைப் பகல் முழுக்க எங்கே வைத்துக்கொள்வது? கடற்கரை அவர்கள் அம்மா வீட்டு வாசலிலேயே இருந்தது. ஷாப்பிங் சென்டருக்குப் போனான். சாப்பிட்டார்கள், சுற்றினார்கள், மறுபடி சுற்றினார்கள். “அப்பா, அடுத்து எங்க?” என்று டீகன் கேட்கும்போதெல்லாம் இன்னொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பானாம்.

ஜூன் மாதம் தீம் பார்க்குகளில் தள்ளுபடி வந்தது. டீ குடிக்கும் நேரமெல்லாம் வாரிக் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

“இதப் பாரு மச்சி. ஒரு நாள் டிக்கெட்டா எடுத்தா கட்டுப்படியாகாது. வருட பாஸ் எடுத்தா மூணாவது தடவையிலயே போட்ட காசு வந்துடும். அப்புறம் வருஷம் பூரா சும்மாவே போலாம்.”

“ரெண்டு கம்பெனி இருக்கே, எதுல எடுக்கப் போற?”

“அவன்கிட்ட வெல கம்மி. ஆனா ஸ்கூல் லீவுல உள்ள விடமாட்டான். எனக்குப் பிள்ளைங்க கூடுதலா கெடைக்கறதே லீவுலதான். இவன் கொஞ்சம் கூட வாங்கறான், ஆனா எந்த நாளும் போலாம். மூணு பார்க்கு, ஒண்ணு தண்ணிப் பார்க்கு. உள்ளூர்க்காரனுக்குத் தனி வெல. சாப்பாட்டுல தள்ளுபடி. மாசாமாசம் கட்டினா போதும்.”

“நடுவுல வேணாம்னா?”

“நிறுத்த முடியாது. எதுக்கு நிறுத்தணும்?”

எங்கள் முதலாளி நெவில் பக்கெட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “பொண்டாட்டி போனதும் ரோலர் கோஸ்டரக் கட்டிக்கப் போறான் பாரு.”

எல்லோரும் சிரித்தோம். வாரிக்கும்தான். அன்றைக்கே மூன்று பேருக்கும் பாஸ் எடுத்துவிட்டான்.

முதல் சில மாதங்கள் கொண்டாட்டம். திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் வேறு பேச்சே கிடையாது. ப்ரான்டி எந்த ராட்டினத்தில் கத்தினாள், டீகன் எதில் இரண்டு தடவை போனாள், தான் எந்தக் குப்பைத் தொட்டி ஓரம் வாந்தி எடுத்தேன் என்று எல்லாம் சொல்வான்.

பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. டைல்ஸ் வேலைக்காரன் முட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்க மண்டிபோட்டவன் சனிக்கிழமை வரிசையில் நிற்க வேண்டும். கோடை வந்தது. சிமென்ட் தரையில் வெயில் கொதித்தது. பிள்ளைகளுக்கு எல்லா ராட்டினமும் மனப்பாடம். ஏசி இருக்கிறதே என்று அங்கே அரங்கில் ஓடிய ஒரே குட்டிப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். டீகன் புல்லில் படுத்துப் போன் பார்ப்பாள். ஆனாலும் பூட்டுகிற நேரம் வரை வாரிக் வெளியே வரமாட்டான். வந்தால் எங்கே போவது?

“இன்னிக்கு உன் வீட்டப் பாக்கலாமா அப்பா?” என்று ப்ரான்டி ஒருமுறை கேட்டாள்.

“வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்கடா தங்கம்.”

அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் பொறுக்க முடியாமல் சொன்னேன். “இங்க கூட்டிட்டு வாடா. ஆத்தோரம் இருக்கு, நான் இருக்கேன்.”

“இந்தத் தகர டப்பாவுக்கா? கக்கூஸ் போக பொம்பளப் பிள்ளைங்கள டவலத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கச் சொல்லவா? ஷோனா காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்.”

“அதுக்காக ஆயுசு பூரா அந்த கேட்டுக்குள்ளயே நிப்பியா?”

“காசு கட்டியாச்சு மச்சி. போகலன்னா அதுவும் வீண்” என்றான்.

ஏப்ரலில் புதுப்பிக்கச் சொல்லித் தகவல் வந்தது. முன்கூட்டியே எடுத்தால் பழைய விலை, அதிலும் ஒரு தள்ளுபடி. டைல் வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றபடியே பொத்தானை அழுத்தினான். “அடுத்த வருஷத்துக்கும் கவல தீந்துச்சு” என்றான். கவலை தீர்ந்த முகமாக அது இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கு நடந்ததை அவன் ஒரு பாதி சொன்னான், டீகன் மறுபாதி சொன்னாள்.

முதுகு பிடித்திருந்ததால் வாரிக்கால் எதிலும் ஏற முடியவில்லை. பார்க்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் ரோப் காரில் மட்டும் மூவரும் ஏறினார்கள். கடலிலிருந்து திடீரென்று காற்று கிளம்பியது. பாதி வழியில், நீர்நாய்க் குளத்துக்கு நேர் மேலே பெட்டி நின்றுவிட்டது. ‘பயப்பட வேண்டாம், இருக்கையிலேயே அமர்ந்திருங்கள்’ என்று ஒலிபெருக்கி சொன்னது. பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணாடிப் பெட்டி. ஜன்னல் விரல் நுழையும் அளவுதான் திறக்கும். முதலில் சிரித்தார்கள். பிறகு வியர்த்தது. பிறகு ப்ரான்டிக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது.

“அடக்கிக்கோடா, இப்போ கெளம்பிடும்.”

“முடியலப்பா!”

கடைசியில் அவர்கள் வாங்கியிருந்த பெரிய பிளாஸ்டிக் கோப்பைதான் கைகொடுத்தது. டீகன் இடுப்பில் கட்டியிருந்த சட்டையை விரித்து மறைத்துக்கொள்ள, வாரிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தான். காரியம் முடிந்ததும் ப்ரான்டி அவமானத்தில் அழுதாள். அந்தக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அவளைத் தேற்ற என்ன சொல்வதென்று தெரியாமல் வாரிக் சொன்னான்:

“அழாதடா. அப்பாகிட்ட ஒரு நல்ல செய்தி இருக்கு. அடுத்த வருஷத்துக்கும் பாஸ் எடுத்துட்டேன். நேத்தே போட்டுட்டேன்.”

ப்ரான்டி அழுகையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். டீகனின் முகம் கோணிப்போயிற்று.

“இன்னும் ஒரு வருஷமா? அப்பா, எங்களால முடியாது.”

“என்ன முடியாது?”

“இங்க வர முடியாது. எனக்கு இந்த எடத்தோட நாத்தமே பிடிக்கல. உனக்குப் பிடிச்சிருக்கேன்னுதான் வந்தோம். நீ காலையில கேட்ல நிக்கறப்போ அவ்வளவு சிரிப்பே.”

“எனக்கா? எனக்கு ராட்டினத்தப் பாத்தாலே குமட்டும். உங்களுக்காகத்தானே…”

காற்றில் பெட்டி ஆடியது. அப்போது ப்ரான்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

“உனக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா அப்பா?”

“என்னது?”

“அதனாலதானே எங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதே இல்ல. அந்த வீட்ல வேற பாப்பா இருக்குன்னு நெனச்சோம்.”

டீகன் தலையைக் குனிந்துகொண்டாள். அதை இரண்டு பேரும் சேர்ந்துதான் நினைத்திருக்கிறார்கள். பல மாதமாக, அம்மாவிடம்கூடச் சொல்லாமல்.

வாரிக் அழுததை டீகன்தான் என்னிடம் சொன்னாள், அவன் சொல்லவில்லை. கேரவன், மடக்கு மேசை, பொதுக் கழிப்பறை, எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே சொல்லிவிட்டான். எழுந்து வெளியே போகவும் வழி இல்லை. யாருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமும் இல்லை.

ரோப் கார் ஒருவழியாக நகர்ந்து இறங்கியதும் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். சிரமத்துக்கு ஈடாக ஆளுக்கொரு இலவச டிக்கெட், என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்று நீட்டினாள். டீகன் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

மதியம் தாண்டி நான் வேன் வாசலில் பூட்ஸைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். வாரிக்கின் வண்டி வந்து நின்றது. மூவரும் இறங்கினார்கள். ப்ரான்டி நேரே உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள். பாப்பா இல்லை என்று நிச்சயமானதும் “மேசை கட்டிலாகுமா அப்பா?” என்று கேட்டாள். டீகன் வாசலிலேயே நின்று, அவன் ஒற்றைத் தட்டையும் ஒற்றைக் கோப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியே சாஸேஜ் சுட்டு, ரொட்டியில் வைத்து, வெங்காயம் போட்டுச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஷோனா தானே வந்தாள். வேனுக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

“இத மறைக்கத்தான் வருஷம் பூரா பிள்ளைங்கள வெயில்ல காயப்போட்டியா வாரிக்?”

“நீ அனுப்பமாட்டேன்னு நெனச்சேன்.”

“ராத்திரி தங்க அனுப்பமாட்டேன். ஒழுங்கா ஒரு எடம் பாரு, அப்புறம் பேசலாம். பகல்ல வரட்டும்.” காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள். “பொய் சொன்னது தப்பு. சொல்லிட்டேன்.”

பாஸை ரத்து செய்ய வாரிக் போன் போட்டான். போனில் ஓடிய பாட்டைக் கேட்டுக்கொண்டே அரை நாள் காத்திருந்தான். ஒப்பந்தப்படி முடியாது என்றார்கள். வேண்டுமானால் நண்பர் ஒருவரைச் சேர்த்தால் அடுத்த மாதத்தில் தள்ளுபடி தருகிறோம் என்று மறுமுனையில் இருந்த பையன் சொன்னபோது, வாரிக் போனை என்னிடம் நீட்டினான். “உன்னத்தான் கேக்கறான் மச்சி.”

மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தப் பணம் போவதாலேயே வீட்டுக்கு முன்பணம் சேர இன்னும் நாளாயிற்று. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் ஆற்றோரம் தூண்டில் போட்டார்கள். மழை பெய்தால் நான்கு பேரும் மடக்கு மேசையைச் சுற்றி இடித்துக்கொண்டு சீட்டாடினோம். டீகனுக்கு நெட்பால் போட்டிகள் வந்தன. சில வாரம் அவள் வரவில்லை. வாரிக் மைதான ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். சாயங்காலம் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, வேனுக்குள் போகாமல் வண்டியிலேயே வெகுநேரம் இருப்பான்.

இரண்டாம் வருட பாஸ் ஒரே ஒரு நாள் பயன்பட்டது. ப்ரான்டியின் தோழிக்குப் பிறந்தநாள். பிள்ளைகளை கேட்டில் விட்டுவிட்டு, வாரிக் வண்டி நிறுத்துமிடத்திலேயே ஜன்னலை இறக்கிவிட்டுப் படுத்திருந்தான்.

“உன்கிட்டயும் பாஸ் இருக்கே, உள்ள போயிருக்கலாமே?” என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

“கேட் வரைக்கும் போனேன் மச்சி. அதுக்கு மேல கால் வரல.”