நான் வைத்த இருபத்தெட்டு பவுண்டு
பெங்களூரு அல்சூரில் டயர் கடை, காக்ஸ் டவுனில் வீடு, மூன்று பிள்ளைகளுக்கும் காலேஜ் படிப்பு. எல்லாம் ஐந்தாவது தாண்டாத நான் உண்டாக்கியவை.

தொண்ணூறுகளில் ஒரு முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பந்தயத்தன்று நான்தான் இருபத்தெட்டு பவுண்டு காற்று வைத்தேன். பயிற்சிக்கு இரண்டு சுற்று கார் ஓடி வந்ததும் அவருடைய புது இன்ஜினியர் அளந்து பார்த்தார்.

"முப்பத்திரண்டு காட்டுது. கண்ணு தெரியலையா பெரியவரே?"

"ஓடின டயர் சூடு சார், ஏறித்தான் காட்டும். ஆறட்டும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே டீக்குக் கூப்பிட்டார். நான் நகரவில்லை. நகர்ந்தால் காற்றை இறக்கிவிட்டு, பழியை என் தலையில் கட்டுவார் என்று சந்தேகம். ஆறியதும் முதலாளி எதிரில் அளந்தோம். சரியாக இருபத்தெட்டு.

கார் ஜெயித்தது. மேடையில் அந்த இன்ஜினியர், "காற்றுக் கணக்கு என்னுடையது" என்றார். அவர் மேடையில் நிற்கும் படம் இன்னும் முதலாளி ஆபீஸில் தொங்குகிறது. அதன் கீழே, காற்று வைத்தவன் நான் என்று எழுதியாக வேண்டும்.