சிவப்பு வட்டத்துக்குக் கீழே

என் அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று சிலரிடம் சொல்லிவந்திருக்கிறேன், அது பொய். அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த வரியைப் பார்த்தேன், பொருள் புரிந்தே பார்த்தேன், அதன் பிறகு அதற்கு மேலே இருந்த வேறொரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அந்தத் தாள் இன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள், இராசிபுரம் தாண்டி இருக்கும் அவருடைய கோழிப்பண்ணையின் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. வட்டம் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் வரி மட்டும் அப்படியே கறுப்பாக இருக்கிறது.

மாமா முதலில் லாரி ஓட்டினார். வடக்கே போய் வந்த காசைச் சேர்த்து, மேட்டுநிலம் கொஞ்சம் வாங்கி, ஒரு ஷெட் போட்டு முட்டைக்கோழி வளர்க்க ஆரம்பித்தார். நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஷெட்டுகள் கூடிக்கொண்டே போயின. குரல் மட்டும் லாரியிலேயே நின்றுவிட்டது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் என்ஜின் சத்தத்தை மீறிப் பேசுகிறவர் மாதிரிதான் பேசுவார். காலையில் அவித்த முட்டை இரண்டு, உப்பும் மிளகும் தூவி. விருந்தாளி யாராவது முட்டையைப் பற்றி முகம் சுளித்தால் அவர் கண்முன்னே மூன்றாவதையும் உரிப்பார். முழங்கால் வலி இருந்தது. கிளட்ச் மிதித்து மிதித்து வந்தது என்பார். அதற்கு மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைச் சோற்றோடு ஊறுகாய்போல எடுத்துக்கொள்வார்.

அந்த வருடம் முட்டைக்குப் போதாத காலம். விலை கீழே கிடந்தது. கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச மருத்துவ முகாமில் இளம் டாக்டர் ஒருவர் மைக்கைப் பிடித்து, நெஞ்சுவலி வரக்கூடாதென்றால் முட்டையை விட்டுவிடுங்கள் என்றார். கோழிப்பண்ணைக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில் அதைச் சொன்ன அவர் துணிச்சலை இப்போது நினைத்தால் மெச்சத் தோன்றுகிறது. மாமா எழுந்து நின்றார்.

“ஏனுங்க டாக்டரு, இங்க இருக்கற அல்லாரும் முட்டையில பொழைக்கறமுங்க. நீங்க பாட்டுக்கு ஆகாதுன்னு சொல்லீட்டுப் போனா எப்படீங்க?”

“உங்க நல்லதுக்குத்தாங்க ஐயா சொல்றேன். ரத்தத்தைப் பார்த்தா தெரிஞ்சிரும்.”

“பாத்துருவமுங்க. நாந் தின்னுட்டே இருக்கறேன், ரத்தம் குடுக்கறேன். கொழுப்பு மிஞ்சியிருந்தா முட்டையத் தொடறதில்ல. மிஞ்சலீன்னா இதே மண்டபத்துல நீங்க ஒண்ணு உரிச்சுத் திங்கோணும்.”

மண்டபம் கைதட்டியது. அது பந்தயம் ஆகிவிட்டது. ஒரு மனிதரின் ரத்தத்தை வைத்து முட்டையைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். ஆனாலும் மாமா என்னைத்தான் தன் பக்கத்து ஆளாக நிறுத்தினார். “எங்க மாப்ள புரபசரு, அவர் படிச்சுச் சொல்லட்டும்” என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பறையில் என் பேச்சைக் கேட்டு யாரும் கைதட்டியதில்லை.

பரிசோதனைக் கூடத்தில் தாளை வாங்கியது நான்தான். காருக்குள் உட்கார்ந்து பிரித்தேன். மொத்தக் கொழுப்பு அளவுக்குள் இருந்தது. கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைடு எல்லாமே அறுபதை நெருங்கும் ஆளுக்கு வியக்கும்படி இருந்தன. சத்தமாகச் சிரித்தேன். பிறகு கண் கீழே இறங்கியது. கூடத்துக்காரர் முழுப் பரிசோதனையாகச் செய்திருந்தார். கிரியாட்டினின் என்ற சொல்லுக்கு எதிரே எண்ணும், எண்ணுக்குப் பக்கத்தில் அளவு மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறியும் இருந்தன. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்குகிறது என்று அதற்குப் பொருள். கொஞ்சம் கூடுதல் இல்லை. நன்றாகவே கூடுதல்.

அன்று மாலையே அதே மண்டபத்தில் பந்தய முடிவைச் சொல்லும் கூட்டம். கொழுப்பு நல்லா இருக்கு, ஆனா சிறுநீரகம் சரியில்லை என்று சொன்னால், முட்டை தின்றவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்றுதான் ஊர் பேசும். பந்தயம் கெடும், விலை இன்னும் விழும், மாமாவுக்குத் தலைகுனிவு என்று கணக்குப் போட்டேன். நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் கொழுப்பு வரியைச் சுற்றி வட்டமிட்டேன், தேர்வுத்தாள் திருத்தும் பழக்கத்தில்.

டாக்டர் வரவில்லை, வேறு ஊரில் முகாம் என்றார்கள். அவர் வந்திருந்தால் என் கதை வேறாகியிருக்கும். நான் மைக்கில் வட்டத்துக்குள் இருந்ததை மட்டும் வாசித்தேன். மாமாவைத் தோளில் தூக்கினார்கள். திரும்பி வரும் வழியில் மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். “மாப்ள, ஆட்டம் போட்டதுல முட்டி கழண்டுருச்சு. அந்த வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கியா.” இறங்கிப் போய் வாங்கிவந்தேன். அந்த மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். சட்டைப்பையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, கையில் இந்த அட்டையை வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

மறுநாள் சொல்லவில்லை. வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பார், அதனால் ஏறியிருக்கும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அடுத்த வாரம் பண்ணைக்குப் போனபோது தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்கள், தீவனம் கொண்டுவருகிறவர்கள், பேங்க் மேனேஜர் என்று எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லோர் கண்ணும் சிவப்பு வட்டத்துக்குள் போய் அங்கேயே நின்றது. நட்சத்திரக் குறி நடுச்சுவரில், பட்டப்பகலில் தொங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் சொன்னால், அன்றைக்கே பார்த்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அது கனத்துக்கொண்டே போனது.

பிறகு ஒரு நாள் காலை ஷெட்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சேலத்து மருத்துவமனையில் பிழைக்கவைத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் அம்மா, எத்தனை வருடமாக வலி மாத்திரை, ரத்த அழுத்தம் எப்போது பார்த்தது என்று அக்காவிடம் கேட்டார். சிறுநீரகம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, அது பழுதானால் இதயத்துக்குப் போகிற குழாய்களும் சேர்ந்து கெடும், கொழுப்பு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டீர்கள்போல என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். படித்தவன் நான்தானே.

டயாலிசிஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்து குழாய்க்குப் போகும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு மாத்திரை வாங்கியாந்தது நீதான?”

“ஆமாங்க மாமா.”

“பாத்துட்டுத்தான் வாங்கியாந்தயா?”

“பாத்துட்டுத்தானுங்க.”

எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் குரல் முதன்முறையாகத் தணிந்து வந்தது. “இது என்ற ஒடம்பு மாப்ள. உன்ற காலேஜு இல்ல. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா, முட்டைய நான் எப்படியோ காப்பாத்தியிருப்பேன். என்னையக் காப்பாத்திக்க எனக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.” நான் அழுதேன். “அழுது என்னத்துக்கு ஆகுது? படிச்ச எடத்துலயே போய்ப் படி. முழுசாப் படி” என்றார்.

படித்தேன். பண்ணையாளர் கூட்டம் அடுத்துக் கூடியபோது சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப்போய், அதே மண்டபத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். கொழுப்பு வரிகளை வாசிக்கும்வரை பழைய நினைப்பில் சிலர் கைதட்டினார்கள். நான் தயங்கியதும் பின்வரிசையிலிருந்து கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு மாமா கத்தினார்: “கீழ இருக்கற வரியப் படி மாப்ள!” வாசித்தேன். எப்போது பார்த்தேன், ஏன் சொல்லவில்லை, மாத்திரை வாங்கியது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். “புரபசரே, முட்டைக்குக் கெட்ட பேரு வாங்கித் தராம எறங்குங்க” என்று ஒருவர் கூச்சலிட்டார். “கெட்ட பேரு முட்டைக்கு இல்லீங்க, எனக்கு” என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைந்த மைக்கிலேயே மீதியையும் சொன்னேன். வலி மாத்திரை தின்கிறவர்கள், ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் எல்லாம் கொழுப்பு வரியோடு நின்றுவிடாமல் கிரியாட்டினின் வரியையும் பாருங்கள், சிறுநீரையும் சோதியுங்கள் என்றேன். வாசல்வரை வந்து இரண்டு பேர் தங்கள் தாளை நீட்டினார்கள். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் என்னை அழைக்கவில்லை.

அழைக்காவிட்டால் போகட்டும். இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்கு வருகிறவர்கள், அவர் தலையில் எழுதியது அவ்வளவுதான், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். தலையில் எழுதியிருக்கவில்லை. தாளில் எழுதியிருந்தது, என் கையில் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் முட்டை கெடுதல்தான் போலிருக்கிறது என்று கிளம்புகிறவர்களோடும் சண்டை போடுகிறேன். மாமாவைக் கொன்றது முட்டை இல்லை. இந்த வயதில் எனக்கு நல்ல பெயர் தேவையில்லை. உரக்கச் சொல்ல வாய் இருந்தால் போதும்.

மாமா அடுத்த பங்குனியில், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் வழியில், இதயம் நின்று போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் அக்கா என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. பண்ணையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பழைய இடத்திலேயே திரும்ப மாட்டியிருந்த சட்டத்தை எடுத்துவிடலாமே என்று அவள் மகன் கேட்டதற்கு, அது அங்கேயே இருக்கட்டும் என்றாளாம்.

போன மாதம் ஆள் விட்டு என்னை வரச்சொன்னாள். அலுவலகத்தில் மாமா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் அவள் தலைக்கு மேலே இருந்தது. மேசைமேல் ஒரு புதுத் தாளை வைத்து என் பக்கம் தள்ளினாள். அவளுடைய ரத்தம்.

“மேல இருந்து கீழ வரைக்கும் படி. ஒரு வரி உடாத.”

படித்தேன். கிரியாட்டினின் சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. நட்சத்திரக் குறி மேலேயே இருந்தது. வாழ்நாளில் முட்டையை வாயில் வைக்காத என் அக்காவுக்குக் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பழைய கணக்குகள் எல்லாம் ஓடிவந்தன. வயதான காலத்தில் பயந்துவிடுவாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

“அக்கா, கெட்ட கொழுப்பு ரொம்பக் கூடுதலா இருக்குது. இப்படியே உட்டா நெஞ்சுக்கு ஆபத்து. நாளைக்கே டாக்டரைப் பாக்கோணும். மாத்திரை குடுப்பாங்க, விடாம சாப்புடோணும்.”

அவள் பயப்படவில்லை. தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, சுவரில் வெளிறிப்போன அந்த வட்டத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

“இவ்வளவு லேசுதானா சாமி, சொல்றது?” என்று கேட்டாள்.