அண்ணன் விட்டுவிட்டுப் போன நாய்

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டு மாடிக்கு வந்தபோது, கீழே இப்படி ஒரு ஜீவன் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

அதன் பெயர் கம்பி. பெயருக்கு ஏற்ற உடம்பு. நீள மூக்கு, நீளக் கால்கள், ஒட்டிய வயிறு. உடம்பில் மயிர் இருக்கிறதா இல்லையா என்பதே கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். பந்தயத்தில் ஓடுவதற்கென்று வளர்த்திருக்கிறார்கள். அது பாதி ஓட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்ததாம். துரத்திவிட்டார்கள். பெரியம்மாவின் ஒரே மகன், அதாவது என் அண்ணன், தெருவில் கிடந்ததை வீட்டுக்குக் கூட்டி வந்தான். சில மாதங்களில் அவனுக்குத் தூர நாட்டில் வேலை கிடைத்தது.

"ரெண்டே மாசம்மா. அங்க ஒரு வீடு பார்த்ததும் நானே வந்து கம்பிய கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் பத்திரமா பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

பெரியம்மா பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் ஒன்றைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டால் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். உலர்த்தும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. அரை ஈரத்தோடு மடித்து அனுப்பிய விரிப்பு, படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகைப் புண்ணாக்கிவிடும். அதனால் அவள் தொட்டுப் பார்க்காத துணி வார்டுக்குப் போகாது. தொட்டு என்றால் கையால் அல்ல. வெளுப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். தெரியாதவர்களுக்கு, இந்த அம்மாள் ஏன் ஆஸ்பத்திரி விரிப்புக்கு முத்தம் கொடுக்கிறாள் என்று இருக்கும். "எனக்குக்கூட இத்தனை கிடைச்சதில்ல" என்று பெரியப்பா இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

இத்தனை தெரிந்தவள்தான் முதல் குளிர்காலத்தில் கோட்டை விட்டாள். எங்கள் ஊர்க் குளிர் மழையோடு சேர்ந்து வருவது. நாள் முழுக்கத் தூறும், தரை வியர்க்கும், சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும். கம்பி நடுங்குகிறதே என்று பெரியம்மா ஒரு பழைய பஞ்சு மெத்தையைக் கூடத்து சிமெண்டுத் தரையில் போட்டு, மேலே கம்பளியும் போர்த்திவிட்டாள். மேலே தொட்டால் கதகதப்பாகத்தான் இருந்தது. பஞ்சு அடியிலிருந்து தரை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. பின்னங்கால்கள் விறைத்துப்போய், மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

நான் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பெரியம்மா மெத்தையைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தை உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரு துணியெல்லாம் காய வச்சேன்டி. என் வீட்டுல ஈரத்துல போட்டுட்டேனே. அவன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அந்தக் கேள்விதான் அவளுக்கு முக்கியம். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், இரண்டு பேரும் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சாயங்காலம் அது எழுந்து நின்றது. கடைக்கு நான் போகாமலிருந்ததற்கு முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கினார். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவா முடியும்? பாட்டிக்கு என்று சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகு மெத்தை போயிற்று. செங்கல் வைத்துப் பலகையை உயர்த்தினாள். காற்று அடியில் போய் வர வேண்டும், ஆனால் நாய் மேல் படக் கூடாது. பலகை மேல் சாக்கு, சாக்குக்குள் கிழித்த செய்தித்தாள். தினமும் பழைய தாளைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கிழித்துப் போடுவாள். நான் படிப்பதற்குள் பேப்பர் நார் நாராகி இருக்கும். உலகத்தில் நடந்த அத்தனை சண்டை சச்சரவின் மேலும் கம்பி சொகுசாகப் படுத்துத் தூங்கியது.

உடுப்புக்கு அண்ணனின் ஸ்வெட்டர்கள். அவன் அலமாரியில் மடித்து வைத்துவிட்டுப் போனவை. வந்தால் போட்டுக்கொள்வான் என்று பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தாள். அந்த வருஷம் முழங்கை கிழிந்த ஒன்றை எடுத்து, கைகளை வெட்டி முன்னங்காலுக்குச் செய்தாள், கழுத்துப் பட்டி கழுத்துக்கே சரியாக இருந்தது. அடுத்த வருஷம் நிறம் போன ஒன்று. அதற்கடுத்த வருஷம் கொஞ்சம் நல்லது. இப்படி மோசமானதில் தொடங்கி நல்லதை நோக்கி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பாள். "இந்த வருஷம் வந்துட்டான்னா புதுசு வாங்கிக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெட்டுவாள். கடைசியில் அலமாரியில் பூச்சி உருண்டை மட்டும் மிஞ்சியது.

இரவில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. மாடியில் படுத்திருந்தால் எல்லாம் கேட்கும். கம்பிக்கு வயதாக ஆக அடிக்கடி வெளியே போக வேண்டும். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம், குடை விரியும் சத்தம், திரும்பி வந்ததும் துண்டால் அழுத்தித் துடைக்கும் சத்தம். நனைந்த ஸ்வெட்டரை அப்படியே விட்டால் வெறும் உடம்பை விட மோசம், உள்ளிருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும். அதைக் கழற்ற வேண்டும், காய்ந்ததை மாட்ட வேண்டும், விரல் இடுக்கு, காது மடல் எல்லாம் துடைக்க வேண்டும். "காலக் குடு. இந்தக் கால இல்லடா, அந்தக் கால" என்று குரல் வரும். எனக்கு எரிச்சலாக வரும். என்னை இப்படி யாராவது துடைத்துவிட்டிருந்தால் நான் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறேன் என்றும் சில நாள் தோன்றும்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் பண்ணுவான். முதலில் கேட்பது "கம்பி எப்படி இருக்கு?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் நீ எப்படி இருக்கே. பெரியம்மா அதற்காக வாரம் முழுக்கச் செய்தி சேர்த்து வைத்திருப்பாள். எதைத் தின்றது, யாரைப் பார்த்துக் குரைத்தது, எத்தனை சமர்த்து. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போடுவாள். அண்ணன் குரல் கேட்டதும் கம்பி எங்கிருந்தாலும் எழுந்து வந்து நிற்கும், வாலால் நாற்காலிக் காலை அடிக்கும், ஒரு குரை குரைக்கும். அங்கே அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் அவள் அந்த வாரத்தை ஓட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு மாதம் இரண்டு வருஷமாகி, அதற்கு மேலும் போயிற்று. அவனுக்கு அங்கே கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, இரண்டையும் படத்தில் பார்த்தோம். வாரத்துக்கொரு முறை என்பது மாதத்துக்கொரு முறை ஆனது.

ஒரு மழைக்காலத்தில் பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. குடையை நாய்க்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தால் வேறென்ன வரும்? மூச்சு விடும்போதெல்லாம் கீச்சுக் கீச்சென்று சத்தம். எனக்குப் பொறுமை போய்விட்டது. கஞ்சி டம்ளரை மேஜையில் ணங்கென்று வைத்தேன்.

"போதும் பெரியம்மா. ஒண்ணு அவன வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு, இல்ல நான் எங்கயாவது கொண்டு விட்டுட்டு வரேன். உனக்கென்ன தலையெழுத்தா? அவன் பாட்டுக்கு அங்க ஜம்முனு இருக்கான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கம்பளியை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"இத அனுப்பிட்டா அவன் எதுக்குடி வருவான்?"

"உன்னப் பார்க்க வரமாட்டானா?"

"எனக்காகன்னா வந்திருப்பானே, இத்தன வருஷத்துல. எப்ப பேசினாலும் கம்பிய கூட்டிட்டுப் போக வரேன்னுதான் சொல்லுவான். என்னைக் கூட்டிட்டுப் போக வரேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. வந்தா அப்படியே நானும் அவன ஒரு கண் பார்த்துக்குவேன். இது இருக்கற வரைக்கும் அவன் வரணும்."

பெற்ற தாய் ஒரு நாய்க்குப் பின்னால் வரிசையில் நிற்கிறாள், அதையும் பெருமூச்சில்லாமல் சொல்கிறாள். அண்ணன் மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல், டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

அந்தக் குளிர்காலத்தை இரண்டு பேரும் எப்படியோ தாண்டினார்கள். அடுத்ததற்குள் கம்பியின் மூக்கு முழுக்க வெளுத்துவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று யோசிக்கும். ஃபோனில் அண்ணன் குரல் கேட்டால் வாலை ஆட்டும், குரைப்பது அபூர்வமாகிவிட்டது. அண்ணன் பேசும்போது நாயைப் பற்றிக் கேட்பது குறைந்து, பிறகு நின்றே போனது. பெரியம்மாவோ அதற்கும் ஒரு சப்பைக்கட்டு வைத்திருந்தாள்.

"லேட்டாயிடுச்சேன்னு அவனுக்குக் கூச்சமா இருக்கும். கேக்க வாய் வரல. சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும்னு நானும் அந்தப் பேச்ச எடுக்கறதில்ல. உள்ளுக்குள்ள அதே நெனப்பாத்தான் இருப்பான்."

போன வருஷம், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு காலையில் ஃபோன் வந்தது. நான் கீழேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் அண்ணன் குரல் வந்ததும் கம்பி பலகையிலிருந்து இறங்கி வந்தது. முன்பு மாதிரி ஓடி அல்ல, ஒவ்வொரு காலாக வைத்து. பெரியம்மாவின் முழங்காலில் சாய்ந்து நின்று வாலை ஆட்டியது. பேரக் குழந்தையின் குறும்பைப் பற்றிப் பேசினார்கள். அங்கே பனி கொட்டுகிறது என்றான்.

"இங்கயும் குளிர்தாம்பா. கம்பிக்குத்தான் பாவம், போன வருஷத்துக்கு இந்த வருஷம்..."

"யாருக்கு?"

"கம்பிக்கு."

அண்ணன் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான்.

"அது இன்னுமா இருக்கு?"

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அது எப்போதோ போயிருக்கும், அம்மா சொல்ல மனசில்லாமல் இருக்கிறாள் என்று அவன்பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆனாலும் பெரியம்மாவின் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. அவள் கை மெதுவாகக் கீழே போனது. நாயின் நீள மூக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், குரைத்துவிடாதபடி.

"இல்லப்பா. மழைக்கு முன்னாடியே போயிடுச்சு. அதத்தான் சொல்ல வந்தேன்."

"அடடா. வயசாயிடுச்சுல்ல, விடும்மா. அழுதுகிட்டு இருக்காத. உனக்கும் இனிமே நைட்டு தூக்கம் கெடாது, நிம்மதி."

"ஆமாம்பா. நிம்மதிதான்."

ஃபோனை வைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. கம்பி பாவம், மூக்கை விடுவித்துக்கொள்ளக்கூடப் பார்க்காமல் நின்றது. நான்தான் போய் அவள் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

"ஏன் பெரியம்மா அப்படிச் சொன்ன? உசுரோட இருக்கறத..."

"அவனப் பொறுத்தவரைக்கும் எப்பவோ போயிடுச்சு. நான்தான் தெரியாம காப்பாத்திட்டு இருந்திருக்கேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அவன் வந்தான்னா எனக்காக மட்டும்தான் வரணும். பார்க்கலாம், வரானான்னு."

அண்ணன் அதற்கப்புறமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். வருவதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரவில் தாழ்ப்பாள் திறக்கிறது, குடை விரிகிறது, துண்டால் துடைக்கிற சத்தமும் கேட்கிறது. அவனுடைய ஃபோன் மணி அடித்தால் மட்டும் பெரியம்மா கண்ணைக் காட்டுவாள். நான் கம்பியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனாலும் அவன் குரல் படி வழியாக ஏறி வந்துவிடும். கம்பி கதவருகே போய் நின்று வாலை ஆட்டும். அவன் பேசி முடிக்கும் வரை நான் அதன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன்.