ஆடிக் கிருத்திகையும் ஒரு கழிப்பறையும்

பிறந்த இரண்டாம் நாளே என் மகளுக்கு வயிறு உப்பிவிட்டது. மலம் போகவில்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லை, அந்தத் துண்டு அசையாது என்று சென்னையில் மருத்துவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முதலில் வயிற்றில் துளையிட்டு, மலம் வெளியேறப் பை வைத்தார்கள். சில மாதங்கள் கழித்துக் கெட்ட துண்டை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். அறுவை சிகிச்சை வெற்றி என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லை உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க முடியவில்லை.

இப்போது ஏழு வயது. குடல் இன்னும் பாதி வேலைதான் செய்கிறது. மலம் உள்ளே தங்கும். தங்கியதைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கசியும். கசிவது அவளுக்கே தெரியாது. அதனால் தினமும் மாலையில் மெல்லிய குழாய் வழியாக உப்பு நீரை உள்ளே விட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினால் வயிறு இறுகும். அதற்கு மேல் தவறினால் குடல் அழற்சி வரலாம். போன வருடம் அப்படி வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள்.

திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மாவும் அவருடைய மகளும் மருமகனும். அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உண்டு. கொல்லைப்புறத்தில் இருப்பது எங்களுக்கு என்று பேசித்தான் அட்வான்ஸ் கொடுத்தோம். வந்த நாளிலிருந்து அதன் மேல்தான் சண்டை. செப்டிக் டேங்க் நிரம்பினால் என் மகள்தான் காரணம். மோட்டார் அதிகம் ஓடினாலும் அவள்தான்.

நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா செய்தியாளர். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காவடிக் கூட்டத்தோடு நாள் முழுக்க வெளியே நின்றுவிட்டுத் தாமதமாக வீடு திரும்பினேன். மகள் தூங்கியிருந்தாள். கணவர் கதவருகிலேயே நின்றிருந்தார். கொல்லைக் கழிப்பறையை வீட்டுக்காரம்மா பக்தர்களுக்குக் காசுக்கு விட்டிருக்கிறார். வரிசை குறையும் குறையும் என்று காத்திருந்து, குழந்தை அப்படியே தூங்கிப்போனதாம்.

மறுநாளும் வரிசை குறையவில்லை. மாலை அவள் வயிற்றில் கை வைத்தேன். தோல் பளபளத்தது. விரலால் தட்டினால் காலிப் பானைபோல் சத்தம் வந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. காய்ச்சல் மட்டும் இல்லை. கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். ஊருக்குள் வண்டி எதையும் விடவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பினாலும் கூட்டத்தைத் தாண்டி எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. குடலை உடனே கழுவியாக வேண்டும்.

கொல்லையில் மஞ்சள் வேட்டிகளும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும். எங்கள் சுவரில் இரண்டு காவடிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கழிப்பறை வாசலில் ஸ்டூல் போட்டு மருமகன் காசு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு இப்ப வேணும்ங்க" என்றேன்.

வீட்டுக்காரம்மா திரும்பினார். "இன்னிக்கி ஒரு நாளு கம்முனு இருக்கக் கூடாதா? ரோட்டாண்ட பப்ளிக் கக்கூஸு கீது, அங்க இட்டுனு போ."

"அங்க நிக்கவே இடமில்லைங்க. இவளுக்கு அரை மணி நேரம் ஆகும்."

"அர மணியா? அதுக்குள்ள ஒரு பஸ்ஸு ஜனமே போய்ட்டு வந்துரும்."

"அத்த, பாத்துப் பேசு. பேப்பர்ல போட்டுருவாங்க" என்று மருமகன் சிரித்தார்.

"போடட்டுமே! வருசா வருசம் இவதான எழுதுறா, பக்தருங்களுக்குக் கக்கூஸு இல்லன்னு? நாங்க தொறந்து வுட்டு புண்ணியம் பண்ணிகினு கீறோம். அதையும் எழுது."

அது உண்மை. 'போதிய கழிப்பறை இன்றிப் பக்தர்கள் அவதி' என்று அன்று காலையும் எழுதி அனுப்பியிருந்தேன்.

"காசு வாங்கினா அது பேரு புண்ணியமா?"

"ஏம்மா, ஆபரேஷன் பண்ணா செரியாப் பூடணும். எங்க நைனாவுக்கும்தான் கொடல்ல ஆபரேஷன் பண்ணாங்க. மறு மாசமே ஏரு ஓட்டுனாரு. உம் பொண்ணுக்கு ஏழு வருசமா ஆவலன்னா டாக்டரு மேல கேஸு போடு. எங்க உயிர ஏன் எடுக்குற?"

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஈரத் துண்டோடு ஒருவர் வெளியே வந்தார். அடுத்தவர் அடியெடுத்து வைப்பதற்குள் மகளை உள்ளே தள்ளினேன். மாடியிலிருந்து கொண்டுவந்திருந்த, அவள் உட்காரும் நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி, குழாய், உப்பு நீர் பாட்டில், ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் பின்னாலேயே போயின. நானும் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

உடனே கதவு அதிர்ந்தது. "வரிசையில நாங்க இன்னா கேணையனுங்களா?" என்று ஒருவர் கத்தினார். "எந்த சேப்பம்மா, எந்த சேப்பு?" என்று ஒரு பெண், இன்னும் எவ்வளவு நேரம் என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவர்க் குழாயில் தண்ணீர் நின்றது. மோட்டார் நின்றதால் அல்ல, வெளியே வால்வை மூடிவிட்டார்கள்.

"மா, கதவ ஒடச்சிடுவாங்களா?"

"இரும்புக் கதவு. ஒடையாது."

"நான் வெளிய வந்தா எல்லாரும் என்னயே பாப்பாங்க."

"பாக்கட்டும். அவங்களும் இதுக்குத்தான் நிக்கிறாங்க."

அவள் சிரிக்கவில்லை. முதலில் விட்ட நீர் அப்படியே தெளிவாகத் திரும்பியது. குழாயை எடுத்து, அவளை இடப்பக்கம் சாய்த்து, மறுபடியும் மெதுவாக விட்டேன். வெளியே வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. என் மேல் எனக்கு இரக்கம் வராதது போலவே அதன் மேலும் வரவில்லை. மகள் என் தோளைக் கடித்துக்கொண்டு முக்கினாள். காற்று பிரிந்தது. பிறகு மலம், நிறைய. வயிறு என் கைக்குக் கீழே தளர்ந்தது. அவசரப்படாமல் இன்னொரு முறை கழுவினேன்.

வெளியே வந்தபோது வரிசை தெரு வரைக்கும் போயிருந்தது. "அய்யோ பாவம், பச்சக் கொழந்த" என்று யாரோ சொன்னார்கள். சற்று முன் கதவை உதைத்துக் கத்திய அதே குரல்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஆங், வேற வீடு கெடச்சா பண்றேங்க."

மகள் மாடிக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். இருட்டும்வரை அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை.

வேறு வீடு தேடினேன். கழிப்பறை தனியாக உள்ள வீடுகள் எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் இல்லை. இரண்டு இடங்களில் விஷயத்தைச் சொன்னதும் "அப்புறம் சொல்றோம்" என்றார்கள். மாசக் கடைசி வந்தது. நாங்கள் போகவில்லை. வீட்டுக்காரம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். மகளைப் பார்த்தால் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார்.

அடுத்த மாதக் கிருத்திகைக்கு முந்தின மாலை, கடைத்தெருவில் பெரிய பூட்டு ஒன்று வாங்கிக் கொல்லைக் கழிப்பறைக்குப் போட்டேன். சாவி என்னிடம்.

"யாரக் கேட்டு பூட்டுன? போலீச கூப்புடுவேன்" என்று மருமகன் மாடிப்படியில் நின்று கத்தினார்.

"கூப்பிடுங்க. அட்வான்ஸ் பேசுனப்ப என்ன சொன்னீங்கன்னு அவங்க முன்னாடியே பேசிக்கலாம்."

போலீஸ் வரவில்லை. மறுநாள் பக்தர்கள் வந்தார்கள். ஆடி மாதத்தளவு கூட்டமில்லை. ஆனாலும் காசோடு வந்தவர்களைத் திருப்பியனுப்ப வீட்டுக்காரம்மாவுக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுக் கூடத்தின் வழியாக, ஈரக்காலோடு, ஒவ்வொருவராக உள்கழிப்பறைக்கு அனுப்பினார். பின்னாலேயே அவர் மகள் துடைப்பத்தோடு திட்டிக்கொண்டே தரையைத் துடைப்பது மாடிக்குக் கேட்டது.

மாலையில் பூட்டைத் திறந்தேன். மகள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அன்று அவளுக்கு அரை மணி நேரம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாள். உப்பு நீரை உள்ளே விட்டதும் நான் கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தேன். யாரும் தட்டவில்லை.