உயிரோடிருந்தவருக்கு ஒரு மலர்வளையம்

என் தம்பிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கத்திரி. அச்சு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக அவனுக்கு ஒரே வேலை. காலை ஆறரைக்குப் போய் ஆறு செய்தித்தாள்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பான். நிறுவனத்துக்கு வேண்டிய செய்திகளை வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, ஒன்பதரைக்கு முதலாளியின் மேசையில் வைப்பான். அவன் ஒட்டிய தாளில் பசை வழிந்து நான் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு புது மேலாளர் ஒருவர் வந்தார். வந்த மாதமே கணினியில் ஒரு கருவியைப் போட்டார். ஆறு தாள்களையும் அதுவே படித்து, ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுத்துவிடுமாம்.

"நீ மூணு மணி நேரம் பண்றதை இது மூணு நிமிஷத்துல பண்ணுது. ஒரு மாசம் நீயே ஓட்டிப் பாரு. சரியா வந்துச்சுன்னா உனக்கும் ஓய்வு" என்றார், பத்துப் பேர் நடுவில். ஓய்வு என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். தூக்குக் கயிற்றை அவனையே திரிக்கச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்களாம்.

அவன் நேர்மையாகத்தான் ஓட்டிப் பார்த்தான். வேகம் வேகம்தான், அதை அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் செய்தியின் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடுகிறது என்றான். இரண்டு வாரத்தில் பதினேழு பிழைகள். தேதி, பக்கம், பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தான். மேலாளர் பிரித்துக்கூடப் பார்க்காமல் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

"வேலை போயிடும்னு குத்தம் கண்டுபிடிக்கறியா, கத்திரி? இனிமே மெஷின் குடுக்கறதை அப்படியே பிரிண்ட் எடுத்து வை. உன் சொந்தச் சரக்கு எதையும் சேக்காதே."

"எழுதிக் குடுங்க சார்."

கேலியாகச் சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டார். மாலையில் தம்பி அதை என்னிடம் காட்டினான்.

"பத்திரமா வைடா. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்றேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது கருவி ஒரு வரி கொடுத்தது: 'காகித ஆலை அதிபர் காலமானார்.' பெயரைக்கூட விழுங்கிவிட்டது. நிறுவனம் காகிதம் வாங்குவது அந்த ஆலையில்தான். பழக்கதோஷம், தம்பி செய்தித்தாளையும் படித்திருந்தான். இறந்தவர் ஆலையைத் தொடங்கியவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அதை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனவர். அந்த விவரம் ஒன்பதாவது வரியில் இருந்தது. வாங்கிய இன்றைய அதிபர் குண்டுக்கல்லாக இருந்தார்.

தம்பி அச்செடுத்த தாளை மேசையில் வைத்தான். ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

மேலாளர் ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம் வாங்கி, முதலாளியையும் காரில் ஏற்றிக்கொண்டு அதிபர் வீட்டுக்குப் பறந்தார். கதவைத் திறந்தவர் அதிபரேதான். வளையத்தின் நாடாவில் இருந்ததைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தாராம்.

"எனக்கா? நான் இன்னும் கிளம்பலையே. பரவால்ல, வெச்சுட்டுப் போங்க" என்றார். கார் ஓட்டியவர் இதை அலுவலகம் முழுக்கச் சொல்லி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முதலாளி தம்பியைக் கூப்பிட்டார். மேலாளர் சுவரோரம் நின்றார்.

"பேப்பரைப் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

தம்பி சட்டைப் பையிலிருந்து மேலாளர் எழுதிய தாளை எடுத்து விரித்து வைத்தான். முதலாளி இரண்டு தரம் படித்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உறவில் சிலர் கேட்கிறார்கள். பதினேழு தடவை சொன்னவன் அவன். பதினெட்டாவது தடவையும் சொல்ல அவன் என்ன சுவர்க்கடிகாரமா?

தம்பியின் வேலை நிலைத்தது. கருவியும் இருக்கிறது, அது சுருக்கியதை அவன் சரிபார்த்த பிறகுதான் தாள் மேலே போகும். மேலாளரைப் பின்கட்டிலுள்ள கிடங்குக்கு மாற்றினார்கள். போன மறுநாளே அவர் தம்பியின் மேசைக்கு வந்து, முதலாளியிடம் தனக்காக ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறார்.

"நீ என்னடா சொன்னே?" என்று கேட்டேன்.

"சொல்றேன் சார்னு சொன்னேன்க்கா."

"சொன்னியா?"

"இல்லை. தினமும் மத்தியானம் வந்து கேக்கறாரு. இன்னும் கொஞ்ச நாள் கேக்கட்டும்."