ரோசம்மாளின் களாப்பழச் சர்பத்

1978 ஆடியில் அமலோற்பவத்துக்கு வயது இருபத்தாறு. ஆரணியில் பட்டு நெய்யும் அடைக்கலசாமிக்கு அவள் இரண்டாம் மனைவி. வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியும், அங்கே இன்னும் ரோசம்மாள்தான் குடியிருந்தாள். முந்தின வருடம் சித்திரையில் காய்ச்சலில் போன முதல் மனைவி.

அன்றிலிருந்து வீட்டுத் தறி சும்மா கிடந்தது. அடைக்கலசாமி கூலிக்குப் பக்கத்துத் தெருவில் நெய்தான். ரோசம்மாள் காலத்துப் பாவின், அதாவது நெடுக்கு இழைகளின், கடைசி முழம் மட்டும் தறியில் மஞ்சள் வாலாக நின்றது. அதன்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தான். புதுப் பாவு போட வேண்டுமென்றால் அந்த வாலின் ஒவ்வொரு இழையோடும் புது இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். பிறகு நெய்ய நெய்ய வால் முன்னால் நகர்ந்து வந்துவிடும். வந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான். அதனால்தான் அவன் நாள் கடத்தினான் என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்டதில்லை.

ஆடியில் ஒருவழியாகப் புதுப் பாவு வந்தது.

இழை முறுக்க வரும் பெண்களுக்குக் களாப்பழச் சர்பத் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். விரலில் சாம்பல் தொட்டு முறுக்குகிறவர்கள் டம்ளரைத் தொடக் கூடாது. கை பிசுபிசுத்தால் பட்டு பாழ். அண்ணாந்த வாயில் யாராவது ஊற்ற வேண்டும். இத்தனை வருடமும் ஊற்றியது ரோசம்மாள்.

திருமலைக் குன்றின் அடிவாரத்துப் புதரில் பறித்த பழத்தை, பழம் விற்கும் காத்தாயி கூடையில் கொண்டுவந்தாள். அமலோற்பவம் பழைய ஜாடியை மூன்று தரம் வெந்நீர் விட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். பழத்தைப் பிளந்து, கொட்டை எடுத்து, பால் போக உப்புத்தண்ணீரில் போட்டாள். மண்சட்டியில் வேகவைத்துப் பிழிந்தாள். ரோசம்மாள் ஏலக்காய் போடுவாளாம். இவள் வேண்டுமென்றே, போளூரில் தன் அம்மா செய்கிறபடி, இஞ்சிச் சாறு விட்டாள். இன்றைக்காவது இது தன் வீட்டுச் சர்பத்தாக இருக்க வேண்டும்.

பெண்கள் தறிக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். முதலில் வாயைத் திறந்தவள் எதிர்வீட்டு அபிதகுசாம்பாள். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதே ருசிடீ."

"இஞ்சி போட்டேன்க்கா. ஏலக்காயே போடல."

"போட்டியோ போடலியோ, ரோசம்மா கைதான் இது. இங்கதான் நின்னுகினு கீறா அவ." மற்றவர்கள் முறுக்குவதை நிறுத்தினார்கள். "ஒண்ணே ஒண்ணு, அவ ஊத்தனா ஒரு சொட்டு சிந்தாது. நீ பாத்து ஊத்து."

பின்னால் நின்று யாரோ தன் கைச் செம்பைப் பிடித்திருப்பதுபோல் அமலோற்பவத்துக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. கை ஆடியது. ஒரு சொட்டு மஞ்சள் வாலில் விழுந்து சிவப்பாகப் பரவியது.

அவள் முந்தானையால் ஒற்றக் குனிந்தாள். தன் சொட்டுக்கு இரண்டு விரல் தள்ளி இன்னொரு கறை இருந்தது. காய்ந்து, பழுப்பேறி, காசளவில். இத்தனை நாள் வேட்டி மறைத்திருந்த இடம்.

அடைக்கலசாமி வாசலிலிருந்து வந்தான். "அத்த தொடாத."

"நான் சிந்தனது இதுதாங்க. அது…"

"அது அவ சிந்தனது. காய்ச்சலோட எனக்கு ஊத்த வந்தா. கை நடுங்கிச்சு." அவன் பெண்களைப் பார்க்காமல் சொன்னான். "அதுக்கப்புறம் எழுந்திருக்கல."

அபிதகுசாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சாம்பல் தொட்டாள். அமலோற்பவம் அடுத்தவளின் வாயில் ஊற்றினாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

கடைசியில் அடைக்கலசாமி தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, தானும் அண்ணாந்தான். குடித்துவிட்டு, "இஞ்சி தூக்கலா கீது" என்றான்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் பழைய வால், இழை நுழையும் அச்சைத் தாண்டி முன்னால் வந்தது, இரண்டு கறைகளோடும். அமலோற்பவம் கத்தரிக்கோலை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் வெட்டினான்.